சீவாளி பதமாகும் நேரம்: திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நாயனக்காரரின் படம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் வைகாசித் திருவிழா. மே கடைசி வாரத்தில் ஒரு மாலை. சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்க வந்த நாகஸ்வர வித்வானை, வாசிப்பதற்கு முன் உருவப்படம் எடுக்க வேண்டும். கேட்கப்பட்டவை இரண்டு. திருவிழா மலரின் முழுப்பக்கத்துக்கு நெடுக்கு வாக்கில் ஒன்று. அது ஏ4 அளவில், 300 டிபிஐயில், 2480க்கு 3508 பிக்சல். ஃப்ளெக்ஸ் பலகைக்குக் கிடை வாக்கில் இன்னொன்று, பெயர் போட ஒரு பக்கம் இடம் விட்டு. வித்வான் ஐந்து மணிக்கு வந்து ஆறு நாற்பதுக்குக் கிளம்புவார். இடையில் காப்பி, விபூதி, வேஷ்டி மாற்றுவது, சீவாளி (நாயனத்தில் வாய் வைத்து ஊதும் தட்டை) பார்ப்பது எல்லாம் உண்டு. கேமராவுக்கு மிஞ்சியது பதினெட்டு நிமிடம்.

கடைசியில் மூன்று படங்கள் தேறின. மூன்றில் ஒன்றுகூட முதலில் குறித்து வைத்த இடத்தில் எடுத்ததல்ல, முதலில் யோசித்த நிலையிலும் எடுத்ததல்ல. ஏன் அப்படி ஆனது என்பதைத்தான் இந்த ஆய்வு பார்க்கிறது.

வடக்குத் திண்ணை கைவிட்ட கதை

குறித்து வைத்த இடம் கோயிலுக்குக் கிழக்கே நீளும் தெருவில், வடக்குப் பார்த்த ஒரு வீட்டுத் திண்ணை. புகைப்படப் பாடங்களில் வடக்கு வெளிச்சம் என்றால் நேர் வெயில் படாத, மென்மையான, நாள் முழுக்க மாறாத வெளிச்சம். பாடத்தில் தப்பில்லை. ஆனால் அதை எழுதியவர்கள் கடகரேகைக்கு வெகு வடக்கே இருக்கிறார்கள். கடலூர் இருப்பது 11.75 பாகை அட்சரேகையில். சித்திரை இரண்டாம் வாரம் தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை இங்கே உச்சி வெயிலே தலைக்கு வடக்கே நிற்கும். வைகாசியில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. மேற்கிலிருந்து இருபது பாகைக்கு மேல் வடக்கே தள்ளி மறையும். தெருவின் மேற்கு முனையில் கோபுரத்தைப் பார்த்து நின்றால், வெயில் கோபுரத்துக்கு வலப்பக்கமாக இறங்கும்.

ஆகவே மாலை ஐந்தேகாலுக்கு வடக்குத் திண்ணையில் தூணிடுக்கு வழியே வெயில் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தவர் முகத்தில் பாதி மஞ்சள், பாதி கறுப்பு. எதிர்ச்சாரியில் தெற்குப் பார்த்த திண்ணையோ நிழலில் குளிர்ந்து கிடந்தது. மார்கழியில் இது அப்படியே தலைகீழ். பிப்ரவரியில் இடம் பார்த்துக் குறித்துக்கொண்டு போய் மே மாதம் வந்து நின்றால் இந்த அடி நிச்சயம். இடம் பார்க்கப் போகும்போது கைபேசியின் திசைகாட்டியைத் திறந்து, எடுக்கப்போகும் நாளில் சூரியன் எந்தப் பாகையில் இருக்கும் என்று பார்த்துவிட்டால் போதும். ஒரு நிமிட வேலை.

தெற்குத் திண்ணைக்கு மாறியதில் எதிர்பாராத ஒரு லாபமும் கிடைத்தது. எதிர்ச்சாரி வீட்டுச் சுவர்களில் சாய்வெயில் பட்டு, அந்தச் சுவர்களே பெரிய ரிஃப்ளெக்டர்களாக நின்றன. முப்பதடித் தெரு. மூன்றடி வெளிச்சக் குடையும் ஸ்டாண்டும் வைத்துத் தேடுகிற மென்மையை ஒரு வெள்ளைச் சுவர் சும்மா கொடுக்கிறது. ஆனால் முதலில் உட்காரவைத்த இடத்துக்கு நேரெதிர் வீடு கிளிப்பச்சை டிஸ்டெம்பர். முதல் ஆறு படங்களில் கன்னத்தின் நிழல் பக்கம் நோயாளி நிறம். கணினியில் வெள்ளைச் சமன் திருத்தினால் கன்னம் தேறும், ஆனால் வேஷ்டி கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். பச்சை ஒரு பக்கத்தில் மட்டும் விழுவதால் மொத்தப் படத்துக்கும் போடும் ஒரே திருத்தம் எடுபடாது. இரண்டு தூண் தள்ளி, சுண்ணாம்பு அடித்த வீட்டுக்கு எதிரே ஜமக்காளத்தை இழுத்துப் போட்டதும் சரியாகிவிட்டது.

இந்த வெளிச்சத்துக்கு ஆயுள் குறைவு. வெயில் இறங்க இறங்க நம் சாரி வீடுகளின் நிழல் தெருவைத் தாண்டி எதிர்ச்சுவரில் ஏறும். ஒற்றை மாடிகூட இல்லாத ஓட்டு வீடுகள் என்றால் ஐந்தே முக்கால் வாக்கில் அந்த நிழல் எதிர்ச்சுவரின் அடியைத் தொடும். அதற்குப் பிறகு மிஞ்சுவது வானத்தின் நீலம் மட்டும். நம் பக்கத்தில் இரண்டு மாடிக் கட்டடம் இருந்தால் கணக்கு இன்னும் முன்னாலேயே முடிந்துவிடும்.

பனித்த கண்ணாடி

ஐந்து மணிக்கே தயாராக இருக்க வேண்டிய கேமராவின் லென்ஸ் ஐந்தேகால் வரை பனித்துக் கிடந்தது. ஏசி காரிலிருந்து நேரே திண்ணைக்கு வந்த பை. கடற்கரை ஊரில் மே மாதக் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்கும். குளிர்ந்த கண்ணாடியில் அது உடனே படியும். துடைத்தால் மறுபடி படியும், துணியின் உப்புப் பிசுக்கும் சேரும். பையை மூடியபடியே வெளிக்காற்றில் இருபது முப்பது நிமிடம் வைத்திருந்தால் கண்ணாடி சூடேறித் தானே சரியாகும். அதனால் பையைக் காரின் டிக்கியில் கொண்டுவருவது நல்லது. லென்ஸை அவ்விடத்தில் கழற்றவே கூடாது. உள்ளே சென்சார் மேலும் பனிக்கும்.

“ஊதினா ஊதணும்”

இனி முக்கியமான விஷயம். யோசித்து வைத்திருந்த நிலை, நாயனத்தை வாயில் வைத்து, விரல்களைத் துளைகளில் வைத்து, கேமராவைப் பார்ப்பது. கல்யாணப் பத்திரிகையிலிருந்து நாள்காட்டி வரை எல்லோரும் எடுப்பது. வித்வான் இரண்டு முறை அப்படி வைத்தார். மூன்றாவது முறை, “தம்பி, சும்மா வாயில வெச்சுப் புடிக்கச் சொல்லாதீங்க. ஊதினா ஊதணும்” என்றார். கோபமில்லை, தகவல்தான்.

அவர் சொன்னதில் பட நுட்பமும் இருக்கிறது. ஊதாமல் வாயில் வைத்தால் உதடு தளர்ந்து தொங்கும், கன்னம் வெறுமையாக இருக்கும். கேட்டுப் பழகிய எவருக்கும் அது பொய் என்று உடனே தெரியும். நிஜமாக ஊதினால் கன்னமும் கழுத்து நரம்பும் புடைக்கும், கண் சுருங்கும். வாசிக்கும்போது அது அழகு. நேருக்கு நேர் எடுக்கும் உருவப்படத்தில் ஆளையே மறைத்துவிடும். ஊருக்குத் தெரிந்த முகம் ஊதும் முகம்தான். ஊதாத முகத்தைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் வாசிப்புக்கு முந்தைய அரைமணி. அந்த அரைமணியிலும் வாயில் வைக்கச் சொன்னால், கிடைத்ததையும் கெடுத்துக்கொள்கிறோம்.

அந்த நேரத்தில் நாயனக்காரர் உண்மையில் செய்வது சீவாளி பார்ப்பது. கொறுக்கைத் தட்டையில் செய்த சீவாளிகள் ஒன்றுக்கு நாலாக நூலில் கோத்துத் தொங்கும். ஒவ்வொன்றாக எடுத்து நாக்கில் நனைத்து, விரலால் அழுத்தி, தனியாக வாயில் வைத்துக் கீச்சென்று ஒலிக்கவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டு, பிடிக்கவில்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார். பிடித்ததைக் கெண்டை என்ற சிறு உலோகக் குழலில் செருகி, உலவோடு, அதாவது நாயனத்தின் மரக்குழலோடு, சேர்த்து இரண்டு ஸ்வரம் பார்ப்பார். இதில் நாலைந்து நொடி நீளும் ஓர் இடைவெளி உண்டு. சத்தம் நின்றபின் அதை மனதில் கேட்டுக்கொண்டிருக்கும் இடைவெளி. உதடு மூடியிருக்கும், கை முகத்தருகே இருக்கும், கண் எங்கோ பார்க்கும். தேறிய மூன்றில் இரண்டு அந்த இடைவெளியில் எடுத்தவை.

“ஐயா, நீங்க உங்க வேலையப் பாருங்க, நான் ஓரமா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ஒதுங்குவதுதான் இங்கே செய்யவேண்டிய இயக்கம். அப்படி ஒதுங்க வேண்டுமானால் வெளிச்சம், இடம், அளவுகள் எல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஜமக்காளம் போட்ட இடத்தில் உதவியாளரை உட்காரவைத்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டால், வித்வான் வந்து உட்கார்ந்ததும் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது.

சில நடைமுறைகள். செருப்பைக் கீழே விட்டுத் திண்ணை ஏற வேண்டும். வாத்தியத்தைத் தாண்டக் கூடாது, கேட்காமல் தொடக் கூடாது, சீவாளியைத் தொடவே கூடாது. வியர்க்கிறதே என்று மின்விசிறியை நேரே திருப்பிவிட்டால் நனைத்து வைத்த சீவாளி காய்ந்துபோகும். காற்று முதுகுப்பக்கம் வரட்டும். வியர்வையைத் துண்டால் ஒற்றினால் போதும். பவுடர் வேண்டாம், மாநிறத்தில் அது சாம்பல் பூத்ததுபோல் தெரியும்.

வெள்ளை விபூதி, கறுத்த மரம்

ஒரே சட்டத்தில் மூன்று வேறு பரப்புகள். நெற்றியில் விபூதி, மாநிற முகம், ஆச்சா மரத்து உலவு. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது பலரும் கேள்விப்பட்ட மரம் இது. வயதேறிய மரம்தான் விசேஷம் என்று பழைய வீடுகளின் மரத்தைத் தேடி வாங்கிக் கடைவார்கள். நன்றாக வாசித்துப் பழகிய வாத்தியம் கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். முகத்தைவிட விபூதி ஏறக்குறைய மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு) மேலே, மரம் ஒன்றரை ஸ்டாப் கீழே. இந்த அகலத்தைக் கேமராவின் பதப்படுத்தாத ரா கோப்பு தாராளமாகத் தாங்கும், ஜேபெக் திணறும்.

விபூதியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. நீரில் குழைத்துப் பூசிய விபூதி ஈரமாக இருக்கும்போது மங்கலாகத்தான் தெரியும். காயக் காய வெளுக்கும். பூசிய உடனே வெளிச்சம் அளந்து கேமராவைப் பூட்டிவிட்டு ஐந்து நிமிடம் கழித்து எடுத்தால் மூன்று பட்டையும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். இந்த நிகழ்விலும் ஏழெட்டுப் படங்கள் அப்படிப் போயின. காய்ந்த பிறகு நெற்றியைப் பெரிதாக்கிப் பார்த்து, பட்டைகளுக்கு நடுவே விரல் ஓடிய கோடுகள் தெரிகிற அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதே சரி. கடைசியாக நின்ற அளவு: 85 மிமீ லென்ஸ், எஃப்/4, 1/200 நொடி, ஐஎஸ்ஓ 800. முகம் திரையில் சற்று இருட்டாகத் தெரியும். அதைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வெளுத்துப்போன நெற்றியைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

கறுத்த மரம் கறுத்த கதவின் முன்னால் காணாமல் போய்விடும். திண்ணைக்குப் பின்னால் பழைய தேக்குக் கதவு இருந்தது. அழகான கதவு என்று அதை நடுவில் வைத்து எடுத்த படங்களில் வித்வான் கையில் அணசு, அதாவது நாயனத்தின் விரிந்த அடிமுனை, மட்டும் மிதக்கிறது. தீர்வு அரை மீட்டருக்கு ஒரு மீட்டர் தெர்மோகோல் பலகை ஒன்று. உலவின் பக்கவாட்டில், முகத்துக்கு முன்னால் வராமல், மூன்றடி தூரத்தில் உதவியாளர் பிடித்ததும் மரத்தின் நீளம் முழுக்க மெல்லிய வெள்ளை ஓரம் விழுந்தது, உருண்டை தெரிந்தது. பலகையை ஆறடிக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியைவிட வெகுவாகக் குறையும், ஓரம் மறைந்துவிடும். அணசில் உலோகப் பூண் இருந்தால் கேமராக்காரரின் சட்டை அதில் தெரியும். அடர் நிறச் சட்டை போட்டு வருவது நல்லது. சிவப்புச் சட்டைக்கு அணசு குங்குமம் இட்டதுபோலாகிவிடும்.

எது கூர்மை, எது மங்கல்

பாரி நாயனம் ஏறக்குறைய மூன்றடி. திமிரி என்ற குட்டை நாயனத்திலிருந்து நீண்ட பாரிக்கு மாறும் வழக்கத்தைப் பரவச் செய்தவர் டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அதற்கு முந்தைய படங்களைப் பார்த்துச் சட்டம் போட்டால் இன்றைய வாத்தியம் வெளியே நீட்டிக்கொள்ளும். மடியில் சாய்த்து வைத்தால் நெடுக்குச் சட்டத்தில் ஒருவாறு அடங்கும். கேமராவைப் பார்த்து நீட்டினால்தான் வம்பு. 35 மிமீ லென்ஸில் முகம் ஐந்தடியிலும் அணசு இரண்டடியிலும் இருந்தால் அணசு தலையைவிடப் பெரிதாகி ஒலிபெருக்கி விளம்பரம் போலாகும். வாத்தியம் குறுக்காக, முகமும் அணசும் கேமராவிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்கும்படி சாய வேண்டும்.

பின்னணி மங்க வேண்டும் என்று லென்ஸ் துவாரத்தை அகலத் திறந்து எஃப்/1.8 வைத்த படங்கள் இன்னொரு தோல்வி. 85 மிமீ, ஆறரை அடித் தூரம், எஃப்/1.8 என்றால் கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே ஆறு சென்டிமீட்டர். கண்ணில் குவித்தால் முன்பக்கம் கிடைப்பது மூன்று சென்டிமீட்டர். சீவாளி பிடித்த விரல் கண்ணைவிட எட்டுப் பத்து சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. படத்தின் பொருளே சீவாளி, அது பஞ்சாகிப் போயிருந்தது. எஃப்/4இல் ஆழம் பதின்மூன்று சென்டிமீட்டராகும். முகத்தைக் கொஞ்சம் திருப்பி, கையும் கண்ணும் ஒரே தளத்துக்கு வரும்போது அழுத்தினால் இரண்டும் நிற்கும். பின்னணியில் ஒரு கதவு இருக்கிறது, அது தெரிந்தால்தான் என்ன?

தவில் பற்றி ஒரு வார்த்தை. தவில்காரர் விரலில் கூடு மாட்டும் காட்சி நல்ல படமாகும், ஆனால் வேலை கேட்டவர்கள் அதைக் கேட்கவில்லை. எடுக்கிறவர்கள் வீடியோக்காரரின் ஆலஜன் விளக்கைத் தவிலுக்கு அருகில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சூட்டில் தோல் காய்ந்து இறுகி நாதம் ஏறிவிடும், அவர் மறுபடி திருகாணியைப் பிடிக்க வேண்டியிருக்கும்.

தெருவிளக்கு எரிந்த பிறகு

கிடைப் படம் திண்ணையில் அமையவில்லை. ஒரு பக்கம் தூண், மறுபக்கம் கதவு, பெயர் போட வெற்றிடம் இல்லை. ஆறே முக்காலுக்கு வித்வான் கோயில் பக்கம் நடந்தபோது, கோபுரம் தெரியும் இடத்தில் ஒரு நிமிடம் நின்றார். சூரியன் மறைந்து வானம் நீலமாகும் நேரம் இந்த ஊரில் நீளாது. விளக்கும் வானமும் சமமாக இருப்பது பத்து நிமிடத்துக்குள்தான்.

பந்தல் கம்பங்களில் கட்டிய எல்இடி குழல்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவான எல்இடி நொடிக்கு நூறு முறை மங்கி எரியும். கண்ணுக்குத் தெரியாது, 1/200 நொடி ஷட்டருக்குத் தெரியும். படத்துக்குப் படம் வெளிச்சம் மாறும், சிலவற்றில் குறுக்கே கறுப்புப் பட்டை விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் பட்டை போய்விடும். நின்றுகொண்டிருப்பவருக்கு 1/100 போதும். முகத்துக்குச் சிறிய ஃபிளாஷ் ஒன்று, வெள்ளைக் குடையில், எட்டில் ஒரு பங்கு சக்தியில், ஆரஞ்சுத் தாள் ஒட்டி. தாள் இல்லாமல் எடுத்த முதல் படத்தில் முகம் வெளிறி, நெற்றியும் வேஷ்டியும் ஒன்றாகிவிட்டன. குடையைப் பிடித்த உதவியாளரின் நிழல் வித்வானின் அங்கவஸ்திரத்தில் விழுந்த படமும் ஒன்று உண்டு. அது தூக்கி எறிந்த கணக்கில் சேர்ந்தது. மூன்றாவது தேறிய படம் இங்கே கிடைத்தது. கோபுரம் இடப்பக்கம், நடுவில் நீலம், வலப்பக்கம் வித்வான், நாயனம் கையில் நிமிர்ந்து.

கணினியிலும் அச்சிலும்

அச்சுக்காரர் பெயரை வலப்பக்கம் போட விரும்பி, கிடைப் படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிவிட்டார். வடிவமைப்பவர்கள் சாதாரணமாகச் செய்வது இது, வாத்தியப் படத்தில் மட்டும் செய்யவே கூடாதது. நாயனத்தில் பொதுவாக இடக்கை மேலே, மூன்று துளைக்கு. வலக்கை கீழே, நான்கு துளைக்கு. திருப்பினால் வித்வான் இடக்கைக்காரராகிவிடுவார், துண்டு தோள் மாறும். கோபுரத்தைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்குக் கோபுரமும் இடறும். ‘திருப்ப வேண்டாம்’ என்று கோப்பின் பெயரிலேயே எழுதி அனுப்பியதும் நின்றது.

ஃப்ளெக்ஸ் இயந்திரம் நிழலை அடைத்துவிடும். மலருக்கு அனுப்பிய கோப்பையே பலகைக்கும் அனுப்பினால் ஆச்சா மரம் கறுப்புக் கோடாக வரும். பலகைக்கு மட்டும் நிழல் பகுதியை முக்கால் ஸ்டாப் ஏற்றித் தனிக் கோப்பு தரப்பட்டது. முகத்தை வெட்டியெடுத்து வேறு பின்னணியில் ஒட்டும் பழக்கமும் அச்சகங்களில் உண்டு. வெட்டும்போது முதலில் போவது நூலில் தொங்கும் சீவாளிக் கொத்து. தொங்கும் கொத்து கைக்குள்ளே, உடம்பின் எல்லைக்குள்ளே இருக்கிற படத்தைப் பலகைக்குத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம்.

மலருக்கு எந்தப் படம் என்பதை வித்வான்தான் முடிவுசெய்தார். கண் நன்றாக விழுந்த ஒன்றைக் காட்டியபோது, “இதுல சீவாளி இன்னும் காஞ்சு கெடக்கு, தெரியுது பாருங்க” என்று தள்ளிவிட்டார். பெரிதாக்கிப் பார்த்தால் தட்டையின் நுனி வெளிறியிருந்தது. அடுத்த படத்தில் நுனி நனைந்து கறுத்திருந்தது. அதுவே அச்சேறியது.